கடலுக்கும் வயலுக்கும் நடுவில்: நமது கரையின் அனர்த்த வரலாறும் நமது வீடுகளும்



மாரி நெருங்குகிறது. வயலில் பெரும்போக வேலை தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் கொஞ்சம் நீளமான பதிவு ஒன்றை எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் மூத்தம்மா, மூத்தவாப்பா இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்களிடம் இதைவிடக் கூடுதலான விசயம் இருக்கும்.

வகுப்பறையில் நிற்கும் நமக்கு ஒரு விசயம் வருடா வருடம் தெளிவாகத் தெரிகிறது. இன்று தரம் 10இல் இருக்கும் பிள்ளை 2004 டிசம்பரில் பிறந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சுனாமி என்பது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல். 1978 சூறாவளி அதுவும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை குடியிருக்கும் வளவு இந்த இரண்டையும் கண்ட வளவு.

இந்தப் பதிவில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான். நமது கரைக்குப் பெரிய அனர்த்தங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஒரு மனிதரின் ஞாபகத்தை விட நீளமாக இருக்கிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் அது முதல் தடவை போலவே நம்மைப் பிடிக்கிறது. ஞாபகம் செய்ய முடியாத வேலையை வீட்டின் வழக்கம்தான் செய்ய வேண்டும்.

*நமது நிலம்*

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. வடக்கே போனால் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி. தெற்கே பொத்துவில். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இதெல்லாம் ஒரே மட்டக்களப்பு மாவட்டம்தான். ஊர்களின் பெயர் வேறு வேறு, ஆனால் அநேகமானவற்றின் அமைப்பு ஒன்று. கிழக்கே கடல். மேற்கே வாவி, அல்லது வயல்வெளி. நடுவில் ஒடுக்கமான ஒரு மணல் திட்டு. அதில் தமிழ் ஊரும் சோனக ஊரும் மாறி மாறி நெருக்கமாக இருக்கின்றன.

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். மேற்கிலிருந்து வரும் ஆற்றுத் தண்ணீர் வயலுக்கும் வாவிக்கும் வந்து, அங்கிருந்துதான் கடலுக்குப் போக வேண்டும். போகும் வாயை வருடத்தில் பல மாதம் மணல் மூடிக் கிடக்கும். அதனால்தான் வெள்ள காலத்தில் ‘முகத்துவாரம் வெட்டியாச்சா?’ என்பது ஊரின் முதல் கேள்வியாக இருக்கிறது. வெட்டினால் வயல் தப்பும், வெட்டாவிட்டால் வயலோடு வீடும் போகும்.

இந்த நிலத்தின் ஒரு குணத்தை நாம் மனதில் வைக்க வேண்டும். கடல் பக்கத்து மணல் திட்டுத்தான் மேடு. வயல் பக்கம் பள்ளம். கடல் ஏறி வந்தால் மேற்கே ஓட வேண்டும். ஆற்று வெள்ளம் வந்தால் அந்த மேற்குத்தான் தண்ணீருக்குள் இருக்கும், கிழக்கே மேட்டுக்கு வர வேண்டும். புயல் என்றால் எந்தப் பக்கமும் ஓடக்கூடாது, உறுதியான கட்டடம் ஒன்றுக்குள் நேரத்தோடு போயிருக்க வேண்டும். ஒரே வீடு, மூன்று ஆபத்து, மூன்று விதமான முடிவு. கீழே வரும் வரலாறு முழுவதும் இதைத்தான் காட்டுகிறது.

*கடல்: 1883, 2004, 2012*

2004க்கு முன் நமது கரைக்குச் சுனாமி வந்ததே இல்லை என்று பலர் நினைக்கிறோம். வந்திருக்கிறது.

1883 ஆகஸ்ட் 27, திங்கட்கிழமை. இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்த நாள். அங்கிருந்து சுமார் 3,000 கிலோமீற்றர் தூரத்தில், பொத்துவிலுக்கு அடுத்த அறுகம்பையில், அன்று பிற்பகல் முகத்துவார மணல்மேட்டைக் கடந்துகொண்டிருந்த சிலரைக் கடல் ஏறி வந்து அடித்தது. அவர்களில் சோனகப் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். கட்டிக்கொண்டு வந்த நெல் போனது. ஒரு பெண் பிறகு இறந்துபோனார். அந்தக் காலத்துப் பத்திரிகையில் இது பதிவாகியிருக்கிறது.

நம்மைப் போல ஒரு பெண். நெல்லோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில். அவருடைய பேரப்பிள்ளைகள் வரைக்கும் அந்தக் கதை இருந்திருக்கும். அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். ஏனென்றால் அடுத்த பெரிய அலை வர 121 வருடம் எடுத்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அப்போதைய இலங்கை நேரப்படி காலை 6.58க்கு சுமாத்திராவுக்கு அருகே கடலுக்கடியில் நிலம் அதிர்ந்தது. நமது கரையில் அலை அடித்தது எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில். நடுவில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்கும் ஒரு செய்தியும் வரவில்லை. இந்து சமுத்திரத்தில் அன்று அதற்கான ஏற்பாடே இருக்கவில்லை. முதலில் வந்த அலை பெரிதாக இல்லை என்று தப்பியவர்கள் சொல்வார்கள். பிறகு கடல் உள்வாங்கியது. அதைப் பார்க்கப் போனவர்களும், முதல் அலை ஓய்ந்ததும் வீட்டுச் சாமானைப் பார்க்கத் திரும்பியவர்களும் பெரிய அலையில் அகப்பட்டார்கள்.

நாடு முழுவதும் 35,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மாவட்டங்களில் மிகக் கூடுதலான உயிரிழப்பு அம்பாறையில்: 10,000க்கு மேல். அந்த ஜனாஸாக்களை அடக்கிய கைகள் இன்னும் ஊரில் இருக்கின்றன.

அதற்குப் பிறகு, இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த 13 முகாம்களில் ஓர் ஆய்வு நடந்தது. 859 குடும்பங்கள், 3,533 பேர். அதன் முடிவை ஒவ்வொரு வாப்பாவும் ஒரு தடவையாவது வாசிக்க வேண்டும். அந்தக் குடும்பங்களில் ஆண்களில் இறந்தோர் 8.2 வீதம். பெண்களில் 17.5 வீதம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 31.8 வீதம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு குழந்தை. அலை வந்த நேரம் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்ததையும் அந்த ஆய்வு காட்டியது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் இருப்பது யார்? உம்மாமாரும் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திரா அருகே மறுபடி பெரிய நில அதிர்வு. இந்தத் தடவை எச்சரிக்கை வந்தது. ஊர் எழும்பியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே போனோம். பெரிய அலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அன்று யாருக்கும் யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. ஏனென்றால் ஞாபகத்துக்கு ஏழு வயதுதான். அதே எச்சரிக்கை 2040இல் வந்தால் அதே மாதிரி எழும்புவோமா என்பதுதான் நமது கேள்வி.

*காற்று: 1907, 1978*

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம் கூட ஆகவில்லை. வங்காள விரிகுடாவில் உருவான சூறாவளி மட்டக்களப்புக் கரையில் ஏறியது.

அதற்கு முந்தி மட்டக்களப்பை உலுக்கிய பெரும் புயல் 1907இல் வந்தது. நடுவில் 71 வருடம். 1978இல் அந்தப் பழைய புயலைக் கண்ணால் கண்டு விவரம் சொல்லக்கூடியவர் எண்பதை நெருங்கியிருக்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்த வீடு எத்தனை இருந்திருக்கும்? மற்றவர்களுக்கு அது கதை. வழக்கமான மாரிக் காற்று என்று நினைத்தே பல வீடுகள் அன்று விளக்கேற்றின.

அந்த இரவில் போன உயிர்கள் 915. பாதிக்கப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். சேதமான வீடுகள் இரண்டரை லட்சம் அளவில். பாடசாலைக் கட்டடங்கள் 240. மட்டக்களப்பு மாவட்டத்தின் மீன்பிடிப் படகுகளில் ஐந்தில் ஒன்று அழிந்தது. 11 நெற்களஞ்சியங்களில் 9 போயின. தென்னையில் 90 வீதம், ஏறத்தாழ 28,000 ஏக்கர், சரிந்தது.

தென்னையைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்போம். அந்தக் காலத்து வீட்டின் கூரை கிடுகு. வேலியும் கிடுகு. ஆணத்துக்குத் தேங்காய்ப் பால். அடுப்புக்கு மட்டையும் சிரட்டையும். வீட்டுச் செலவுக்கு விற்கும் தேங்காய். காற்று கூரையைக் கொண்டுபோனது மட்டுமில்லை, அடுத்த கூரையை வேய ஓலை கொடுக்கும் மரத்தையும் கொண்டுபோனது. புதிதாக நட்ட தென்னை காய்க்க ஆறு ஏழு வருடம் எடுக்கும். ஆகவே அந்தப் புயல் ஓர் இரவோடு முடியவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி வரை வீட்டுக் குசினியில் அது இருந்தது. அனர்த்தத்துக்குத் தயாராவது என்றால் அன்றைய இரவைத் தாண்டுவது மட்டுமில்லை, அதன் பிறகு வரும் வருடங்களைத் தாண்டுவதும்தான் என்பதை அந்தத் தென்னைகள் சொல்கின்றன.

1978ஐக் கண்டவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு விசயம் உண்டு: காற்று ஒரேயடியாக நின்றது; முடிந்தது என்று வெளியே வந்தோம்; பிறகு மற்றப் பக்கத்திலிருந்து அதைவிட மோசமாக வந்தது. இது பயத்தில் தோன்றிய கதையில்லை. சூறாவளியின் நடுவில் ‘கண்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே காற்று அடங்கியிருக்கும். அந்தக் கண் நம் தலைக்கு மேலால் போகும்போது அமைதி வரும். அது கடந்ததும் காற்று எதிர்த்திசையில் திரும்பும். வடக்கிலிருந்து அடித்தது தெற்கிலிருந்து அடிக்கும். முதல் பாதியில் ஆட்டம் கண்ட சுவர் இரண்டாம் பாதியில் விழும். அந்த அமைதியில் மாட்டைப் பார்க்கவும் பக்கத்து வீட்டைப் பார்க்கவும் போனவர்கள் வெளியில் அகப்பட்டார்கள். இந்த ஒரு செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தாலே ஒரு நாள் அது ஓர் உயிரைக் காக்கும்.

*தண்ணீர்: 1957, 2011*

சுனாமிக்கும் புயலுக்கும் பெயர் இருக்கிறது. வெள்ளம் நமக்கு உறவுக்காரன் மாதிரி, வருடா வருடம் வருவதால் பெயர் வைப்பதில்லை. ஆனால் 1957 டிசம்பர் வெள்ளத்தை மட்டும் மூத்தவர்கள் வருடத்தோடு சொல்வார்கள். குளங்கள் உடைந்தன. பாலங்களும் வீதிகளும் போயின. ஊருக்கும் ஊருக்கும் தொடர்பு அறுந்தது.

அப்போது இங்கினியாகலையில் கல்லோயா அணை கட்டி முடிந்து சில வருடங்கள்தான். பட்டிப்பளை ஆற்றை இனிக் கட்டிவிட்டோம், சம்மாந்துறை, கல்முனைப் பக்கம் இனி வெள்ளம் இல்லை என்ற நம்பிக்கை இருந்த காலம். அணை ஆற்றின் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். அணைக்குக் கீழே பெய்யும் மழையைத் தடுக்காது. குளம் நிரம்பி வான் பாயும்போது அந்தத் தண்ணீரும் சேர்ந்துதான் வரும்.

2011இல் ஜனவரியில் ஒரு வெள்ளம், அது வடிந்து முடிவதற்குள் பெப்ரவரி தொடக்கத்தில் இன்னொன்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அதிகம் அடிபட்டது கிழக்கு. குடலைப் பருவத்தில் நின்ற பெரும்போக வேளாண்மை தண்ணீருக்குள் அழுகியது. முதல் வெள்ளத்தில் முகாமுக்குப் போய்த் திரும்பி, வீட்டைக் கழுவி, கடன் வாங்கி மறுபடி சாமான் வாங்கிய குடும்பங்களை இரண்டாவது வெள்ளம் அடித்தது. கையில் மிச்சமாக ஒன்றும் இல்லாத நேரத்தில் வரும் இரண்டாவது அடிதான் வீட்டை முறிக்கும்.

*எச்சரிக்கை வந்த பிறகு: 2024, 2025*

சுனாமிக்குப் பிறகு நாட்டில் பல விசயம் மாறியது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் நிறுத்தப்பட்டன. 117 என்ற இலக்கம் வந்தது. இன்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் சில நிமிடத்தில் நம் கையிலுள்ள போனுக்கு வருகிறது. 1883இலும் 1907இலும் 2004இலும் நம் மக்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது.

அப்படியிருந்தும் 2024 நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் அதில் அகப்பட்டது. அந்தப் பிள்ளைகளின் ஜனாஸாவுக்கு இரண்டு ஊரும் நின்றது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக, பெற்றோருக்குப் பொறுமையைக் கொடுப்பானாக. யார் மீதும் பழி போட இதை எழுதவில்லை. அன்று மழை பற்றிய எச்சரிக்கை நாட்டுக்கே கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கைக்கும் ஒரு பிள்ளையின் பயணத்துக்கும் நடுவில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. ‘தண்ணீர் வீதியைக் கடந்தால் பயணம் இல்லை, பிள்ளை நிற்கும் இடத்திலேயே நிற்கட்டும்’ என்ற முடிவு. அது நமது ஊர்களில் முன்கூட்டியே எடுத்துவைத்த முடிவாக இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். மலையகத்தில் மண்சரிவும் ஆறுகளின் பெருக்கும் சேர்ந்து நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நமது மாகாணத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அங்கே வந்தது உள்ளூர் மழை மட்டுமில்லை. மலையில் பெய்து மகாவலி வழியாக வந்த தண்ணீர். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்துவிட்டது என்பதற்காக வெள்ளம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மேற்கே பெய்தது நமக்கு வந்து சேர நாள் எடுக்கும்.

இரண்டு வருடமும் உயர்தரப் பரீட்சை நடுவில் நிறுத்தப்பட்டதையும் சொல்ல வேண்டும். நவம்பர் மாதம் நமது பிள்ளைகளுக்குப் பரீட்சை மாதம். நமது கரைக்கு அது புயல் மாதமும்தான்.

*மூத்தம்மாவின் வீடும் நம் வீடும்*

பழைய வீடுகளுக்கு அனர்த்த முகாமைத்துவம் என்ற சொல் தெரியாது. ஆனால் மாரிக்கு முன் செய்யும் வேலைகள் என்று ஒரு ஒழுங்கு இருந்தது. கூரையின் பழைய கிடுகை மாற்றுவார்கள். வீட்டுக்கு மேலே சாய்ந்திருக்கும் தென்னையின் குலையையும் காய்ந்த மட்டையையும் இறக்குவார்கள். விறகைப் பிளந்து, நனையாத இடத்தில் அடுக்குவார்கள். நெல்லை அவித்துக் காயவைத்து, குற்றி எடுத்து வைப்பார்கள். கருவாடு, உப்பு, மண்ணெண்ணெய் சேர்ப்பார்கள். மாட்டை மேட்டு வளவுக்கு மாற்றுவார்கள். காணி உறுதியும் நகையும் ஒரு தகரப் பெட்டியில் ஒன்றாக இருக்கும். அவசரம் என்றால் அந்தப் பெட்டியைத் தூக்கினால் போதும்.

அது ஏழைகளின் வாழ்க்கை. அதை அழகாக்கிக் காட்ட வேண்டியதில்லை. அந்த வீடுகள்தான் 1978இல் விழுந்தன. இன்றைய கல்வீடு அதைவிட உறுதி. ஆனால் வேறு ஒரு விதத்தில் நம் வீடு பலவீனமாகியிருக்கிறது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏறாது. குழாய்த் தண்ணீர் வந்ததும் பல வளவுகளில் கிணற்றை மூடிவிட்டோம். அடுப்பு காஸில் எரிகிறது, அது முடிந்தால் விறகு இல்லை. அரிசி கிழமைக்குக் கிழமை கடையில் வாங்குகிறோம். போனில் சார்ஜ் முடிந்தால் மகனின் இலக்கம் கூட நமக்கு மனப்பாடம் இல்லை. மூத்தம்மாவின் வீடு காற்றில் விழும், ஆனால் மூன்று நாள் தனியே சாப்பிடும். நம் வீடு நிற்கும், ஆனால் இரண்டாம் நாள் கடைக்குப் போக வேண்டும்.

*வீட்டில் முடிவு செய்ய வேண்டியவை*

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. யூசுப் நபி (அலை) ஏழு வருட விளைச்சலைப் பஞ்சத்துக்குச் சேமிக்கச் சொன்ன வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆகவே கத்ருக்கும் ஆயத்தத்துக்கும் முரண் இல்லை. பெரிய செலவு இல்லாமல் ஒவ்வொரு வீடும் செய்யக்கூடியவை இவை.

1. மூன்று இடம். கடல் ஏறினால் எங்கே, வெள்ளம் வந்தால் எங்கே, புயல் என்றால் எந்தக் கட்டடம். மூன்றையும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், ஏழு வயதுப் பிள்ளை உட்பட, சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதையும் சேர்த்து.

2. யார் கையில் யார். ஐந்து வயதுக்குக் கீழ் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பெயர் குறிக்கப்பட வேண்டும். நடக்க முடியாத பெரியவர்களுக்கும் அப்படியே. வாப்பா தொழிலுக்குப் போயிருக்கும் நேரத்துக்கு வேறு ஒரு திட்டம் வேண்டும். 2004 காட்டியது அதைத்தான். பக்கத்து வீட்டு இளைஞரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதில் வெட்கம் இல்லை.

3. பெண்களுக்கான ஏற்பாடு. வெளியே போட்டுக்கொண்டு ஓடக்கூடிய உடுப்பு ஒன்று, கால் தடுக்காத நீளத்தில், கதவுக்குப் பக்கத்தில் எப்போதும் தொங்கட்டும். அதைத் தேடி அறைக்குள் திரும்பும் நிமிடம் மிச்சமாகும். உயிர் போகும் நேரத்தில் அதுவும் இல்லாமல் ஓடுவதில் குற்றமில்லை என்பதை ஆலிம்கள் நமது பெண்களுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடலும் வாவியும் சூழ்ந்த ஊரில் பெண்பிள்ளைகள் நீந்தத் தெரியாமல் வளர்வதைப் பற்றியும் ஊர் பேச வேண்டும். ஒதுக்கமான இடமும் பெண் பயிற்றுநரும் ஏற்பாடு செய்ய முடியாத விசயம் இல்லை.

4. பெட்டி. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி அல்லது பெர்மிட், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, பரீட்சை அனுமதி அட்டை. எல்லாம் தண்ணீர் புகாத பொலித்தீனில், ஒரே பையில். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் ஓர் உறவினருக்கு அனுப்பிவையுங்கள். சுனாமிக்குப் பிறகு ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் கந்தோர் கந்தோராக அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

5. மூன்று நாள். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு லீற்றர் படி மூடிய கானில் தண்ணீர். சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு. கைக்குழந்தைக்கு மா. பிரசர், சீனி நோயாளிகளுக்கு ஒரு கிழமை மருந்து. டோர்ச், பற்றரி, சின்ன ரேடியோ. முக்கியமான ஐந்து இலக்கங்கள் கடதாசியில்.

6. வீதி. பாயும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே பெரியவரைத் தள்ளும். இரண்டு அடி ஆழத்தில் வாகனத்தையே இழுக்கும். தாம்போதிக்கு மேலால் தண்ணீர் போனால் அந்த வீதி இல்லை என்றே எண்ண வேண்டும். பாடசாலை, மத்ரஸா, வகுப்பு, வேலை எதுவும் காத்திருக்கும். பிள்ளையை வைத்திருக்கும் இடத்துக்குப் பெற்றோர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம்: ‘வீதியில் வெள்ளம் இருந்தால் எங்கள் பிள்ளையை அனுப்ப வேண்டாம், உங்களுடனேயே வைத்திருங்கள்.’

7. கிணறு. இருக்கும் கிணற்றை மூட வேண்டாம், வாளியும் கயிறும் இருக்கட்டும். வெள்ளத்துக்குப் பிறகு கொதிக்கவைக்காமல் குடிக்க வேண்டாம். கடல் தண்ணீர் புகுந்தால், ஆத்திரத்தில் மோட்டார் போட்டு வற்ற வற்ற இறைக்க வேண்டாம். நமது மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதப்பது போல நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுச் செய்யுங்கள்.

8. பள்ளிவாசல். நமது ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்கும் ஒரே குரல் பள்ளிவாசல் ஒலிபெருக்கி. கரண்ட் இல்லாதபோதும் அது வேலை செய்ய பற்றரி இருக்கிறதா என்று நிர்வாகம் மாரிக்கு முன் பார்க்கட்டும். கடும் மழை இரவில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்கச் செய்தவர்கள் நமது நபி (ஸல்) அவர்கள். அறிவித்தல் சொல்வதும் பள்ளிவாசலின் வேலைதான். மஹல்லாவில் படுக்கையில் இருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், தனியே இருக்கும் பெரியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் பள்ளிவாசலிலும் கிராம உத்தியோகத்தரிடமும் இருக்க வேண்டும்.

அவசர இலக்கங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சுவசரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

*முடிவாக*

நாம் பிள்ளைகளுக்கு அரசர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். 1883, 1907, 1957, 1978, 2004, 2011, 2024, 2025 என்ற இந்த ஆண்டுகளும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவை அவர்கள் தூங்கும் நிலத்தின் வரலாறு.

இந்தக் கிழமை ஒரு நாள், இஷாவுக்குப் பிறகு, வீட்டில் எல்லோரும் ஒரு கால் மணித்தியாலம் இருங்கள். மேலே உள்ள எட்டையும் ஒவ்வொன்றாகப் பேசி முடிவெடுத்து, ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் 1978ஐயும் 2004ஐயும் கண்ட பெரியவர் சொல்வதை அவருடைய சொல்லிலேயே எழுதுங்கள். தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, காற்று எந்தப் பக்கம் திரும்பியது, எந்த வீடு நின்றது, யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பெரியவர்கள் வருடா வருடம் நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மாரிக்கும் முன் அந்தக் கொப்பியைத் திறந்து ஒரு தடவை வாசியுங்கள். அவ்வளவுதான் நாம் கேட்பது.

யா அல்லாஹ், இந்த மாரியை எமக்கு ரஹ்மத்தான மழையாக ஆக்குவாயாக. எமது வயல்களையும் வீடுகளையும் பிள்ளைகளையும், எம்மோடு இந்தக் கரையில் வாழும் அனைத்து மக்களையும் பாதுகாப்பாயாக. ஆமீன்.